பான்டூன் சாய்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை: மெட்டாசென்டர் உயரச் சோதனையில் பிழை தேடும் வழி

பாய்ம இயக்கவியல் ஆய்வகத்தில் மெட்டாசென்டர் உயரம் காணும் சோதனை பார்ப்பதற்கு எளிது. மிதவை சற்றுச் சாயும்போது மிதப்பு விசையின் கோடு மிதவையின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர்; அது ஈர்ப்பு மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பது மெட்டாசென்டர் உயரம். ஒரு தட்டையான பெட்டி மிதவை (பான்டூன்), நடுவில் ஒரு கம்பம், அதில் குறுக்காக நகர்த்தக்கூடிய ஓர் எடை, கோணம் காட்ட ஒரு தூக்குக்குண்டு, அவ்வளவுதான். ஆனாலும் அட்டவணையை நிரப்பிப் பார்த்தால் விடைகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இந்தச் சோதனையில் ஒவ்வொரு தவறும் எண்களில் தனக்கே உரிய தடத்தை விட்டுச்செல்லும். தடத்தைப் பார்த்தால் தவறைப் பிடித்துவிடலாம்.

கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரே மிதவைக்கானவை. நீளம் 400 மி.மீ., அகலம் 200 மி.மீ., பக்கச்சுவர் உயரம் 75 மி.மீ. நகரும் எடை 0.3 கிலோ, அதையும் சேர்த்து மொத்த நிறை 2.5 கிலோ. ஈர்ப்பு மையம் (ஜி) அடித்தட்டிலிருந்து 80 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. நன்னீரில் அமிழ் ஆழம் 31.25 மி.மீ. மிதப்பு மையம் (பி), அதாவது விலக்கிய நீரின் மையம், அதில் பாதி உயரத்தில், 15.6 மி.மீ. செவ்வக மிதவைக்கு பி-யிலிருந்து மெட்டாசென்டர் வரையுள்ள உயரம், பிஎம் = அகலம்² ÷ (12 × அமிழ் ஆழம்); அது 106.7 மி.மீ. ஆகவே மெட்டாசென்டர் (எம்) 122.3 மி.மீ. உயரத்தில் நிற்கிறது; ஜி-யிலிருந்து எம் வரையுள்ள மெட்டாசென்டர் உயரம், ஜிஎம், 42.3 மி.மீ. சோதனை வழியாக வரும் ஜிஎம் = (நகரும் எடை × நகர்த்திய தூரம்) ÷ (மொத்த எடை × டேன் சாய்கோணம்). உங்கள் மிதவையின் அளவுகளுக்கு இதே வரிசையில் ஒரு தாளில் கணக்குப் போட்டு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் பிழை தேட முடியாது.

அறிகுறி 1: எடை நடுவில் இருந்தும் மிதவை நிமிர்ந்து நிற்கவில்லை

இதற்குக் காரணம் இரண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வைத்தியமோ நேரெதிர். எனவே எதையும் சரிசெய்வதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை: சாய்ந்த மிதவையை விரலால் மெதுவாக மறுபக்கம் தள்ளி விடுங்கள்.

விட்டதும் பழைய பக்கத்துக்கே திரும்பி வந்தால், எடை எங்கோ ஒரு பக்கமாக ஏறியிருக்கிறது என்று பொருள். கம்பம் கோணலாகத் திருகப்பட்டிருக்கும், அல்லது நகரும் எடையின் பூஜ்ஜியக் குறி நடுக்கோட்டில் இருக்காது. எதிர்ப்பக்கத்தில் சிறு எடை வைத்தோ கம்பத்தைச் சரிசெய்தோ நிமிர்த்திவிடலாம்.

தள்ளிய பக்கத்திலேயே போய், ஏறத்தாழ அதே கோணத்தில் உட்கார்ந்துகொண்டால் சங்கதி வேறு. ஜி, எம்-க்கு மேலே போய்விட்டது, ஜிஎம் எதிர்க்குறி. நிமிர்ந்த நிலையில் நிற்க முடியாமல், இடமோ வலமோ ஒரு கோணத்தில் போய் மிதவை இளைப்பாறுகிறது. பக்கச்சுவர் நேராக உள்ள மிதவைக்கு அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு = √(2 × ஜிஎம்-இன் அளவு ÷ பிஎம்). நம் மிதவையில் எடையை மேலேற்றி ஜி-யை 124 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோனால் ஜிஎம் வெறும் −1.7 மி.மீ. தான். ஆனால் சாய்வு 10 பாகைக்குச் சற்று மேலே வரும். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குறைக்கு இவ்வளவு பெரிய சாய்வா என்று பலரும் நம்ப மறுக்கும் இடம் இது. வர்க்கமூலம் செய்யும் வேலை.

இப்படிச் சாய்ந்த மிதவையின் உயர்ந்த பக்கத்தில் எடை வைத்து நிமிர்த்தப் பார்ப்பதுதான் மிக மோசமான தவறு. நிமிர்ந்த நிலையே அங்கே நிலையற்றது. நடுவைத் தாண்டியதும் மிதவை மறுபக்கம் வேகமாகப் புரளும். புதிதாக வைத்த எடையும் அந்தப் பக்கமே சேர்ந்துகொள்வதால் முன்பைவிட அதிகமாகச் சாயும். கப்பலில் இதே தவறு ஆளையே விழுங்கும்.

சரியான வழி ஜி-யைக் கீழே இறக்குவது. 0.3 கிலோ எடையைக் கம்பத்தில் 15 மி.மீ. இறக்கினால் ஜி 1.8 மி.மீ. மட்டுமே இறங்கும், ஜிஎம் பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தாண்டும், மிதவை தள்ளாடிக்கொண்டே இருக்கும். 30 மி.மீ. இறக்கினால் ஓரளவு நிற்கும்.

இறக்குவதற்குப் பதிலாக அடியில் புதிய எடை சேர்க்கிறீர்களா? அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை சேர்ந்ததும் மிதவை ஆழமாக அமிழ்கிறது, பிஎம் குறைகிறது, எம்மும் கீழே வருகிறது. 0.5 கிலோ சேர்த்தால் அமிழ் ஆழம் 37.5 மி.மீ. ஆகும், எம் 122.3-இலிருந்து 107.6 மி.மீ.-க்கு இறங்கிவிடும். அந்த அரைக் கிலோவின் மையம் அடித்தட்டிலிருந்து ஏறத்தாழ 26 மி.மீ.-க்குக் கீழே இருந்தால்தான் ஜிஎம் நேர்க்குறிக்கு வரும். அதற்கு மேலே வைத்தால், 'கனம் சேர்த்தேன், இன்னும் சாய்கிறதே' என்று நிற்க வேண்டியதுதான்.

அறிகுறி 2: இடப்பக்க அளவும் வலப்பக்க அளவும் ஒத்துப்போகவில்லை

தொடக்கச் சாய்வை யாரும் கழிக்கவில்லை. 20 மி.மீ. நகர்த்தினால் நம் மிதவை 3.23 பாகை சாய வேண்டும். அரைப் பாகைத் தொடக்கச் சாய்வு இருந்தால் ஒரு பக்கம் 3.73, மறுபக்கம் 2.73 என்று காட்டும். அவற்றை அப்படியே சூத்திரத்தில் போட்டால் ஜிஎம் ஒரு பக்கம் 36.8, மறுபக்கம் 50.3 மி.மீ. கோணம் கூடக்கூட இந்த முரண் சுருங்கும். சிறு கோணத்தில் பெரிய வித்தியாசம், பெரிய கோணத்தில் சிறிய வித்தியாசம் என்று அட்டவணையில் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இருபக்க அளவுகளின் சராசரி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைவிட நல்லது வரைபடம்: வலப்பக்கத்தை நேர்க்குறி, இடப்பக்கத்தை எதிர்க்குறி என்று வைத்து, டேன் மதிப்பைக் கிடையாகவும் நகர்த்திய தூரத்தைச் செங்குத்தாகவும் குறித்து ஒரு கோடு வரையுங்கள். கோடு தொடக்கப்புள்ளியைத் தொடாமல் போகலாம். அந்த விலகல்தான் தொடக்கச் சாய்வு. கோட்டின் சாய்வு வீதத்தை அது மாற்றாது. சாய்வு வீதத்தை (நகரும் எடை ÷ மொத்த எடை) ஆல் பெருக்கினால் ஜிஎம் வந்துவிடும்.

அறிகுறி 3: கோணம் கூடக்கூட ஜிஎம்மும் ஒழுங்காகக் கூடிக்கொண்டே போகிறது

இருபக்கமும் ஒரே மாதிரி கூடுகிறதென்றால் உங்கள் அளவீட்டில் குறையே இல்லை. சூத்திரத்தின் எல்லை அது. சிறு கோணத்தில் மட்டும்தான் எம் ஓரிடத்தில் நிற்கிறது. மிதவை சாயச்சாய, நேரான பக்கச்சுவர் உள்ள மிதவையில் சூத்திரம் தரும் மதிப்பு, உண்மையான ஜிஎம் + ½ × பிஎம் × டேன்² என்றாகிறது.

நம் மிதவையில் இது எப்படி வரும் என்று பாருங்கள். 20 மி.மீ. நகர்த்தலுக்கு 3.23 பாகை, ஜிஎம் 42.5 மி.மீ. 40 மி.மீ.-க்கு 6.37 பாகை, 43.0 மி.மீ. 80 மி.மீ.-க்கு 12.1 பாகை, 44.75 மி.மீ. இதைப் பார்த்துவிட்டுக் கடைசி அளவைப் 'பிழை' என்று அடித்துவிடுபவர்கள் உண்டு. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் அதைவிட அதிகம். அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை.

செய்ய வேண்டியது வேறொரு வரைபடம். டேன்² மதிப்பைக் கிடையாகவும், கிடைத்த ஜிஎம்மைச் செங்குத்தாகவும் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் உண்மையான ஜிஎம். சாய்வு வீதம் பிஎம்மில் பாதி. நம் எண்களில் அது 53.3, இரண்டால் பெருக்கினால் 106.6, கணக்கில் வந்த 106.7-உடன் கையோடு ஒத்துப்போகிறது. ஒரே அட்டவணையிலிருந்து ஜிஎம், பிஎம் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஆய்வகக் குறிப்பேடுகளில் இந்த வரைபடத்துக்கு இடமே இல்லாதது பெரிய இழப்பு.

அசல் கப்பல்களில் சாய்வுச் சோதனையை 1 முதல் 4 பாகைக்குள் முடித்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம். ஆய்வக மிதவையில் அவ்வளவு சிறிய கோணத்தைத் துல்லியமாகப் படிப்பது கடினம்: கால் பாகை தவறினால் 3 பாகையில் 8 சதவீதம் போய்விடும், 12 பாகையில் 2 சதவீதம்தான். எனவே 3 முதல் 10 பாகை வரை எடுத்து, மேலே சொன்ன வரைபடத்தால் பூஜ்ஜியக் கோணத்துக்கு இழுத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 4: ஒரு கோணம் வரை ஒழுங்கு, அதற்குமேல் ஜிஎம் சரிகிறது

அடித்தட்டின் ஓரம் நீருக்கு வெளியே வந்துவிட்டது, அல்லது மேல்விளிம்பு நீருக்குள் போய்விட்டது. எது முதலில் நடந்தாலும் நீர்மட்டத்தில் மிதவையின் அகலம் சுருங்கும். பிஎம்மைத் தீர்மானிக்கும் நீர்ப்பரப்பின் இரண்டாம் திருப்புத்திறனில் (செவ்வகத்துக்கு நீளம் × அகலம்³ ÷ 12) அகலம் மும்மடிப் பெருக்கமாக உள்ளே வருவதால் விளைவு உடனே தெரியும். நம் மிதவையில் அடித்தட்டு வெளியே வரும் கோணத்தின் டேன் 31.25 ÷ 100, அதாவது 17.4 பாகை, மேல்விளிம்பு அமிழ 23.6 பாகை வேண்டும். உங்கள் மிதவைக்கு இந்த இரண்டையும் முன்கூட்டியே கணக்கிட்டு, சிறியதற்கு இரண்டு பாகை முன்பாகவே நிறுத்திவிடுங்கள்.

இவற்றைவிடச் சிறிய கோணத்திலேயே சரிகிறதென்றால் தூக்குக்குண்டின் நூல் அளவுகோல் தட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசும் நூல் ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென்று தாவும்.

அறிகுறி 5: அளவுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, கோட்பாட்டு மதிப்போடு மட்டும் ஒட்டவில்லை

இங்கே தவறு கருவியில் இல்லை, தாளில் இருக்கிறது. எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே காட்டிக்கொடுக்கும்.

சோதனை மதிப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல் (42.3-க்குப் பதில் 48): மொத்த எடையில் நகரும் எடையைச் சேர்க்கவில்லை, 2.5-க்குப் பதில் 2.2 போட்டிருக்கிறீர்கள்.

சரியாக இரண்டு மடங்கு: நடுவிலிருந்து நகர்த்திய தூரத்துக்குப் பதில் இடக்கோடி முதல் வலக்கோடி வரை அளந்துவிட்டு, கோணத்தை மட்டும் நடுவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

கோட்பாட்டு மதிப்பு 362 மி.மீ. என்று மலைபோல நிற்கிறது: நீர்ப்பரப்பின் இரண்டாம் திருப்புத்திறனைத் தவறான அச்சைச் சுற்றி எடுத்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் சாயும்போது அச்சு நீளவாக்கில் இருக்கிறது. மும்மடி எடுக்க வேண்டியது அகலத்தை. 400 மி.மீ.-யை மும்மடி எடுத்தால் பிஎம் 427 மி.மீ. ஆகிவிடும். அது மிதவை முன்பின்னாக ஆடுவதற்கான மதிப்பு.

கோட்பாட்டு மதிப்பு 15.6 மி.மீ. கூடுதல்: பி-யின் உயரமாக அமிழ் ஆழத்தை முழுதாகப் போட்டுவிட்டீர்கள், பாதியாக்கவில்லை.

வரிசையில் 27, 55, −19 என்று தாறுமாறாக வருகிறது: கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. 3.23, 6.37 ஆகிய எண்கள் பை-யின் மடங்குகளுக்கு அருகில் விழுவதால் முதல் இரண்டும் நம்பும்படியாகவே வந்துவிடும். மூன்றாவதில் எதிர்க்குறி வந்த பிறகுதான் குட்டு உடையும்.

2 மி.மீ. அளவிலான பிடிவாதமான வித்தியாசம்: தூக்குக்குண்டைப் பாருங்கள். தொங்கும் எடை, மிதவையைப் பொறுத்தவரை, நூல் கட்டிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. கீழே குண்டு இருக்கும் இடத்தில் இல்லை. நூல் 250 மி.மீ., குண்டு 20 கிராம் என்றால் ஜி உண்மையில் 2 மி.மீ. மேலே இருக்கிறது. ஜி-யின் உயரத்தை அளக்கும்போது நூலைச் சுருட்டிக் குண்டைக் கட்டிய இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அளப்பதற்கு எளிய வழி: கம்பத்தில் ஒரு நூல் சுருக்குப் போட்டு மிதவையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, கம்பம் கிடைமட்டமாகும் வரை சுருக்கை நகர்த்துங்கள், சுருக்கு நிற்கும் இடம் ஜி-யின் உயரம். நகரும் எடை நடுவிலும், சோதனையில் இருக்கப்போகும் அதே உயரத்திலும் இருக்க வேண்டும். எடையை 60 மி.மீ. மேலுள்ள வரிசைக்கு மாற்றினால் ஜி 7.2 மி.மீ. ஏறிவிடும், பழைய மதிப்பையே பயன்படுத்தக் கூடாது.

அமிழ் ஆழத்தை அளவுகோலால் படிக்காமல் நிறையிலிருந்து கணக்கிடுங்கள். சுவரில் நீர் ஏறி நிற்கும் வளைவு இரண்டு மில்லிமீட்டரை எளிதாக ஏமாற்றும்.

அறிகுறி 6: நேரம் போகப்போக மிதவை தளர்கிறது, ஒரு பக்கமாக விழுந்து விழுந்து எழுகிறது

உள்ளே நீர் கசிந்திருக்கிறது. இங்கே எடையைவிட, அந்த நீர் தாராளமாக ஓடுவதுதான் ஆபத்து. ஓடும் நீர்ப்பரப்பால் ஜிஎம் குறையும் அளவு = அந்தப் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன் ÷ மிதவை விலக்கிய நீரின் கன அளவு. நீரின் ஆழம் இந்தச் சூத்திரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உள்ளகலம் 192, உள்நீளம் 392 மி.மீ. என்று கொள்வோம். உள்ளே 20 மி.மீ. நீர் நின்றால் அது 1.5 லிட்டர், மொத்தம் 4 கிலோ. நீரை உறைந்த கட்டியாக நினைத்துக் கணக்கிட்டால் ஜிஎம் 36 மி.மீ., நன்றாகவே இருக்கிறது. ஓடும் பரப்பின் இழப்போ 58 மி.மீ. மிச்சம் −21, மிதவை நிற்காது. நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு நான்கில் ஒன்றாகி 14.5 மி.மீ. ஆகிறது, மிதவை 22 மி.மீ. ஜிஎம்முடன் நிமிர்ந்துகொள்கிறது. மூன்று அறையாக்கினால் ஒன்பதில் ஒன்று. தடுப்பை அகலவாக்கில் வைத்தால் பக்கவாட்டுச் சாய்வுக்கு ஒரு பயனும் இல்லை. இதை மாற்றி வைத்துவிட்டுத் 'தடுப்பு போட்டும் சரியாகவில்லை' என்பது அடிக்கடி நடப்பது.

100 மில்லி மட்டுமே கசிந்திருந்தால் அது 1.3 மி.மீ. படலம். ஒரு பாகை சாய்வதற்குள்ளேயே ஒரு பக்கமாக ஓடிச் சேரத் தொடங்கி, அதற்குப் பிறகு பக்கத்தில் வைத்த எடைபோல நடந்துகொள்ளும். மிதவை மூன்று நான்கு பாகை சாய்ந்து நிற்கும். தள்ளினால் மறுபக்கம் அதே போல நிற்கும். அறிகுறி 1-இல் சொன்ன எதிர்க்குறி ஜிஎம் என்று ஏமாந்துவிட வாய்ப்பு மிக அதிகம். ஆகவே தள்ளிப் பார்க்கும் பரிசோதனைக்கு முன்னால் உள்ளே ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

அறிகுறி 7: தூக்குக்குண்டு நிற்காமல் ஆடுகிறது

தொட்டியின் சுவருக்கும் மிதவைக்கும் இடைவெளி போதாது. அலை திரும்பி வந்து மோதுகிறது. போதாததற்குப் பரப்பு இழுவிசை மிதவையைச் சுவரோடு ஒட்டவைக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், மிதவையை நடுவில் வையுங்கள், தூக்குக்குண்டின் அடியை ஒரு சிறு எண்ணெய்க் கிண்ணத்தில் தோயவிட்டால் ஆட்டம் அடங்கும். கிண்ணம் மிதவையின் மேலேயே இருந்தால் அதையும் எடைக்கணக்கில் சேருங்கள்.

அறிகுறி 8: ஆட்டக் காலத்திலிருந்து கண்ட ஜிஎம் ஒத்துவரவில்லை

ஒத்துவராது. ஆட்டக் காலம் = 2 பை × சுழல் ஆரம் ÷ √(ஈர்ப்பு முடுக்கம் × ஜிஎம்). இதில் சுழல் ஆரம் (நிறை ஆட்ட அச்சிலிருந்து எவ்வளவு பரந்திருக்கிறது என்று காட்டும் தூரம்) மிதவைக்கு மட்டும் உரியது அன்று; கூடவே ஆடும் நீரின் பங்கும் உண்டு. அதை எடை போட்டு அளக்க முடியாது. இந்த முறையை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: காலம் இரு மடங்கானால் ஜிஎம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிட்டது. பத்து ஆட்டங்களுக்கு நேரம் பிடித்துப் பத்தால் வகுத்தால் போதும்.

மெதுவாக, சொகுசாக ஆடுவது நிலைத்தன்மை என்று நினைப்பது தலைகீழ். வெடுக்கென்று திரும்பும் மிதவைக்குத்தான் ஜிஎம் அதிகம். 1628-இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் வாசா கப்பலின் மேல்தளத்தில் 30 பேரைப் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் பயமுறுத்தியதால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஜியைக் கீழே இறக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே அது கவிழ்ந்து மூழ்கியது.

அறிகுறி 9: மரக்கட்டை பாடநூல் படத்தில் உள்ளதுபோலத் தட்டையாக மிதக்காமல் விளிம்பு மேலே வரச் சாய்ந்து நிற்கிறது

கட்டை சொல்வதுதான் சரி, படம் தவறு. சதுர வெட்டுமுகம் கொண்ட நீண்ட கட்டை தட்டையாக மிதக்க வேண்டுமானால் அதன் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.211-க்குக் கீழேயோ 0.789-க்கு மேலேயோ இருக்க வேண்டும். இடைப்பட்ட மரம் எல்லாம் சாய்ந்துதான் மிதக்கும், 0.5 என்றால் சரியாக 45 பாகையில், விளிம்பை மேலே வைத்து நிற்கும். தட்டையாக நிற்க வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டுங்கள்: அகலம் ÷ உயரம், √(6 × ஒப்படர்த்தி × (1 − ஒப்படர்த்தி)) என்ற அளவைத் தாண்ட வேண்டும். 0.5 ஒப்படர்த்திக்கு அது 1.225. நிமிர்ந்து மிதக்க வேண்டிய உருளைக்கு ஆரம் ÷ உயரம், √(2 × ஒப்படர்த்தி × (1 − ஒப்படர்த்தி)) என்பதைத் தாண்ட வேண்டும், அதே 0.5 மரத்தில் விட்டம் உயரத்தைப்போல 1.41 மடங்குக்கு மேல். மரம் நீர் குடித்தால் ஒப்படர்த்தி மாறும்; காலையில் சாய்ந்த கட்டை மாலையில் வேறு கோணத்தில் நிற்பதற்குக் காரணம் அதுவே. மெழுகு பூசிவிட்டு அளவெடுங்கள்.

அறிகுறி 10: மிதக்கும்போது நிமிர்ந்து நின்றது, முழுதும் அமிழ்ந்ததும் புரண்டுவிட்டது

நீர்ப்பரப்பை வெட்டும் அகலம் போனதும் பிஎம் பூஜ்ஜியமாகிவிட்டது. எம் இப்போது பி-யிலேயே இருக்கிறது. ஜி அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். நம் மிதவையை மூடி போட்டு அமிழ்த்தினால் பெட்டியின் பி 37.5 மி.மீ. உயரத்தில், ஜி 80-இல். புரளாமல் என்ன செய்யும்? அடியில் ஈயம் வைத்து ஜியை 37.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு அமிழ்த்துங்கள். அமிழ்த்தத் தேவையான கூடுதல் எடை எப்படியும் 3.5 கிலோ, அதை முழுவதும் அடித்தட்டிலேயே, மையம் 5 மி.மீ. உயரத்தில் வரும்படி பரப்பினால் ஜி ஏறத்தாழ 36 மி.மீ.-க்கு வந்துவிடும், மயிரிழையில் தப்பலாம். கம்பத்தைக் கழற்றிவிட்டு அமிழ்த்தினால் இன்னும் நிம்மதி.